அளவுகோல் யாருடையது? மலைமக்கள் கலகங்களும் நிலவரியும்

1

திருப்பாதிரிப்புலியூரில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது வழக்கம். ஏழெட்டுப் பேர் வருவோம். மழை வந்தால் நாலு பேர். 2023 ஏப்ரலில் ரணஜித் குஹா இறந்ததற்குப் பிறகு அவருடைய எழுத்துக்களைத் திரும்ப வாசிக்கலாம் என்று ஆரம்பித்தது இன்னும் முடிந்தபாடில்லை. சந்தால், முண்டா, கோல் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறக்காமல் இருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டார்: 'எல்லாம் சரிங்க. வடக்கயே சுத்திக்கிட்டிருக்கீங்களே. நம்ம தென்னார்க்காட்டுல மலை இல்லையா? மலையில ஆள் இல்லையா? வரிதான் இல்லையா? இங்க ஏன் ஒண்ணும் நடக்கல?'

சட்டென்று யாருக்கும் பதில் வரவில்லை. ஒருவர் கட்டபொம்மனை இழுத்தார். வரி கொடுக்க மறுத்தவன் என்றதும் தமிழனுக்கு நினைவுக்கு வருவது 1959ஆம் வருஷத்துச் சினிமாவும் அதன் வசனமும்தான். ஆனால் 1799இல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரன், தன் பாளையத்துக் குடிகளிடம் தானே வரி வசூலித்துக்கொண்டிருந்தவன். வசூலில் யாருக்கு எவ்வளவு என்பதில் அவனுக்கும் கம்பெனிக்கும் இடையே நடந்த தகராறு வேறு. நிலத்தில் இறங்கி வெட்டியவன் வசூலையே எதிர்த்து நின்றது வேறு. ஆசிரியர் கேட்டது இரண்டாவதைப் பற்றி.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சுற்றி வளைத்துத்தான் வர வேண்டியிருக்கிறது.

2

மலைமக்கள் கலகங்களுக்கு நம்மிடம் ஒரு தயார்நிலை விளக்கம் இருக்கிறது. வரி ஏறியது, வட்டி ஏறியது, வயிறு காய்ந்தது, கலகம் 'வெடித்தது'. பானைத் தண்ணீர் கொதித்தால் மூடி தூக்கும் என்கிற மாதிரி. பாடப்புத்தகம் இப்படித்தான் சொல்கிறது; இடதுசாரிச் சரித்திரங்கள் பலவும் கொஞ்சம் கூடுதல் அனுதாபத்தோடு இதையேதான் சொல்கின்றன. கலகம் 'பரவியது', 'மூண்டது', 'கொழுந்துவிட்டது' என்று நாம் எழுதும் வினைச்சொற்களைக் கவனித்துப் பாருங்கள். எல்லாம் தீக்கும் புயலுக்கும் உரியவை. யோசித்து, கூடி, நாள் குறித்து, முடிவெடுத்துச் செய்யும் மனிதர்களுக்கு உரிய வினைகள் அங்கே இல்லை. 1983இல் வெளிவந்த 'எதிர்க்கிளர்ச்சியின் உரைநடை' என்ற கட்டுரையில் குஹா கை வைத்த இடம் இதுதான்.

கட்டுரையின் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலகம் நடக்கும்போதே மாஜிஸ்ட்ரேட்டும் ராணுவ அதிகாரியும் மேலிடத்துக்கு எழுதும் கடிதங்கள் முதல் அடுக்கு. ஓய்வுபெற்ற அதிகாரி எழுதும் நினைவுக்குறிப்பு, மாவட்ட மானுவல், கெசட்டியர் எல்லாம் இரண்டாம் அடுக்கு. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் எழுதியவை மூன்றாவது. மூன்றாம் அடுக்கில் வருபவர் தேசியவாதியாக இருக்கலாம், மார்க்சியராக இருக்கலாம். ஆதாரத்துக்கு அவர் முதல் அடுக்குக்குத்தான் போகவேண்டும். போனவர் அங்கிருந்த தகவலை மட்டும் எடுத்துவரவில்லை. அதன் பார்வையையும் சேர்த்தே சுமந்து வந்துவிட்டார் என்பது குஹாவின் குற்றச்சாட்டு. அதிகாரி 'கொலைவெறி' என்றெழுதிய இடத்தில் இவர் 'வர்க்கக் கோபம்' என்று மாற்றிப் போட்டார். இரண்டிலுமே கலகக்காரனின் சொந்தப் புத்திக்கு இடமில்லை.

அப்படியானால் அந்தப் புத்தியை எங்கே தேடுவது? குஹா கடவுளிடம் போனார். 'டாக்கூர் கட்டளையிட்டார், அதனால் எழுந்தோம்' என்று சித்துவும் கானுவும் சொன்னதை மூடநம்பிக்கை என்று கழித்துவிடாமல், அதுதான் அவர்களுடைய அரசியல் பிரக்ஞையின் வடிவம் என்றார். அந்த வாசிப்பில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் அதே ஆதாரங்களுக்குள் இன்னொன்றும் கிடக்கிறது. கடவுளைப் போலக் கவர்ச்சியானதல்ல அது. அளவு. படி, தராசு, ஏர், நாணயம், தாள்.

3

1832இல் ராஜ்மகால் குன்றுகளின் அடிவாரத்தில் கம்பெனி அரசு ஒரு பரப்பை எல்லைக்கல் நட்டுப் பிரித்து 'தாமின்-இ-கோ' என்று பெயரிட்டது. காட்டை வெட்டித் திருத்த சந்தால்களை வரவழைத்தது. 1830களின் இறுதியில் அங்கிருந்து வந்த வரி இரண்டாயிரம் ரூபாய் சொச்சம். 1851 வாக்கில் நாற்பத்து மூவாயிரத்துக்கும் மேல். இந்த எண்ணைப் பார்த்ததும் 'வரி ஏறியது, கலகம் வந்தது' என்று முடித்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கவேண்டும். அதே காலத்தில் சாகுபடிப் பரப்பும் கூடியிருந்தது, குடிகளும் பெருகியிருந்தார்கள். தொகையை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கலகத்தை விளக்கிவிட முடியாது.

வரியைப் பணமாகக் கட்டவேண்டும். பணத்துக்கு மகாஜன் என்று அழைக்கப்பட்ட லேவாதேவிக்காரனிடம் போகவேண்டும். அவனிடம் இரண்டு அளவு உண்டு. சந்தாலிடமிருந்து தானியம் வாங்கும்போது ஒன்று, பெரியது, பெயர் கேனாராம். சந்தாலுக்கு விற்கும்போது இன்னொன்று, சிறியது, பேச்சாராம். இந்தப் பெயர்களைப் பாருங்கள். வாங்குவது, விற்பது என்ற வங்காளிச் சொற்களோடு ராமனையும் சேர்த்து ஆள் பெயர் மாதிரியே வைத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க சந்தாலுக்குப் படிப்பு தேவைப்படவில்லை, கண் போதும். ஆனால் கண்டதைச் சொல்லப் போனால் கோர்ட்டில் பத்திரம் இருக்கிறது. பத்திரத்தில் அவனுடைய கைநாட்டு இருக்கிறது. அவன் பார்த்த படி அங்கே இல்லை.

1855 ஜூன் 30 அன்று பாக்னாடி கிராமத்தில் பத்தாயிரம் பேர் கூடினார்கள். ஒரு வாரத்தில், ஜூலை 7 அன்று, மகேஷ் தத்தா என்ற தரோகா வெட்டப்பட்டார். நவம்பரில் ராணுவச் சட்டம். அடுத்த ஆண்டுத் தொடக்கத்துக்குள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டு எல்லாம் முடிந்தது. இது பல இடங்களில் எழுதப்பட்ட கதை. அதிகம் பேசப்படாதவை இரண்டு.

முதலாவது, சித்துவின் வாக்குமூலம். டாக்கூர் வருவதற்கு முன்னும் பின்னுமாகத் தன்மேல் காகிதத் துண்டுகள் விழுந்தன என்கிறான். தனக்குப் படிக்கத் தெரியாது, மற்றவர்கள் படித்துச் சொன்னார்கள் என்கிறான். கடவுள் காகிதத்தோடு வருகிறார்! எழுத்தால் மோசம் போனவர்கள் தங்கள் தரப்புக்கும் ஓர் எழுத்து வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். கோர்ட்டுப் பத்திரத்தைவிட மேலான பத்திரம் அது, மேலிடத்திலிருந்தே இறங்கியது. இதை நம்பிக்கை என்று மட்டும் வாசித்தால் பாதிதான் கிடைக்கும்.

இரண்டாவது, அவர்கள் அறிவித்த வரி. ஆமாம், வரி. வரியே கிடையாது என்று அவர்கள் சொல்லவில்லை. இனி வரியை நாங்கள் வாங்குவோம், எருமை பூட்டிய ஏருக்கு இரண்டு அணா, மாடு பூட்டிய ஏருக்கு ஒரு அணா, அதற்குமேல் இல்லை என்று அறிவித்ததாகப் பதிவாகியிருக்கிறது. கடன் வட்டிக்கும் ஒரு விகிதம் வைத்தார்கள். 'வயிறு காய்ந்தவன் வெடித்தான்' என்கிற கதைக்குள் இது எங்கே பொருந்தும்? அவர்கள் முன்வைத்தது ஒரு மாற்று வருவாய் நிர்வாகம். அதன் அலகு ஏர். பீகாவோ ஏக்கரோ கிடையாது. எவ்வளவு நிலத்தைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று கேட்காமல், எத்தனை ஏர் ஓட்ட உன்னிடம் தெம்பு இருக்கிறது என்று கேட்கும் அளவு.

4

இந்த வித்தியாசம் சின்ன விஷயம் மாதிரித் தெரியலாம். கம்பெனியின் வருவாய்க் கொள்கை முழுக்க இதில்தான் அடங்கியிருக்கிறது.

பழைய வாரமுறையில் ராஜாவுக்குப் பங்கு களத்துமேட்டில். மழை பொய்த்தால் குடியானவனுக்கும் இல்லை, ராஜாவுக்கும் இல்லை. (ராஜா நல்லவர் என்று சொல்லவரவில்லை. களத்துமேட்டு அடிதடி எல்லாருக்கும் தெரியும்.) 1792இல் பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் தொடங்கிவைத்து, பின்னால் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறை வேறு. ஒவ்வொரு வயலையும் சங்கிலி போட்டு அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, எண் கொடுத்து, இவ்வளவு ரூபாய் என்று தீர்வை விதித்துப் பட்டாவில் எழுதுவது. மழை பொய்த்தது இனி உன் பாடு. கலெக்டர் மனசு வைத்தால் வஜா கிடைக்கும். இடைத்தரகனை ஒழித்து உழவனோடு நேரடியாகப் பேசும் முறை என்று இது புகழப்பட்டது. நேரடியாகத்தான் பேசியது, ஆனால் வயல் எண் என்கிற பாஷையில் பேசியது.

வயலுக்கு எண் கொடுக்க வேண்டுமானால் வயல் அசையாமல் நிற்கவேண்டும். அடங்கல் நிற்கிற நிலத்துக்குத்தான் எழுதமுடியும். மலைச் சாகுபடி நிற்காது. வயநாட்டில் அதற்குப் பெயர் புனம். தினைப்புனம் என்று நாம் குறிஞ்சிப் பாட்டில் படிக்கிற அதே சொல்தான். காட்டை வெட்டி, எரித்து, விதைத்து, ஓரிரு போகம் எடுத்துவிட்டு, மண் ஆறட்டும் என்று வேறிடம் போவது. ஆந்திரத்து மலைகளில் போடு. நம் கொல்லிமலை, கல்வராயன் பக்கம் உழவுகாடு என்றும் கொத்துக்காடு என்றும் இரண்டாகச் சொல்வார்கள். ஏர் ஓடுகிற நிலம் ஒன்று, சரிவில் கொத்தி விதைப்பது மற்றொன்று. சேலத்து மலைகளில் ஏரையும் கொத்தையும் எண்ணி வரி வாங்கிய காலம் உண்டு. பரப்பை அளக்காமல் கருவியை எண்ணுவது. சந்தால்கள் 1855இல் அறிவித்த ஏர்வரிக்கும் இதற்கும் கொடுக்கல்வாங்கல் ஏதும் இருந்திருக்க வழியில்லை. மலையில் வேலை செய்கிறவனுக்கு நியாயமாகப் படுகிற அளவு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

5

வயநாட்டுக்கு வருவோம். கடலூரும் மானந்தவாடியும் அன்றைக்கு ஒரே சர்க்கார். இரண்டு இடத்துக் கலெக்டர்களும் சென்னை வருவாய் வாரியத்துக்குத்தான் கணக்கு எழுதினார்கள். தென்னார்க்காடு 1801இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கைமாறியது. வயநாட்டைப் பிடிக்கப் பழசிராஜாவோடு நீண்ட யுத்தம் நடத்த வேண்டியிருந்தது.

அந்த யுத்தத்தில் குறிச்சியர்கள் யார் என்பது கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். 1802 அக்டோபரில் எடச்சேன குங்கனும் குறிச்சியத் தலைவன் தலைக்கல் சந்துவும் நூற்றைம்பது வில்லாளிகளோடு பனமரம் கோட்டைக்குள் புகுந்து, கேப்டன் டிக்கென்சன் உள்பட எழுபது பேர் கொண்ட காவற்படையை அழித்தார்கள். சந்து 1805 நவம்பரில் கொல்லப்பட்டான். அதே மாதக் கடைசியில் பழசியும் செத்தார். கேரள வரலாறு இங்கே பெருமூச்சு விட்டு அத்தியாயத்தை மூடிவிடும். ராஜா போனபின் குறிச்சியர்கள் என்ன செய்தார்கள் என்பது அடுத்த பக்கத்தில் ஒரு பத்திதான்.

ஆனால் நம் கேள்விக்கு 1812 ரொம்ப முக்கியம். அந்த மார்ச்சில் எழுந்த குறிச்சியர்களுக்கும் குறும்பர்களுக்கும் தலைமேல் ராஜா இல்லை. ஒரு ராஜ வம்சத்தின் உரிமைக்காகப் போராடினார்கள் என்று யாரும் சொல்லமுடியாது. காரணமாக அதிகாரிகளே பதிந்திருப்பது, தானியமாகக் கொடுத்துவந்த வரியைப் பணமாகக் கட்டச் சொன்னது. வரிவிகிதம் ஏறினதா இறங்கினதா என்பது அங்கே இரண்டாம் பட்சம். நெல்லாக ஏற்றுக்கொண்டிருந்தால் கட்டியிருப்பார்கள்.

நெல்லுக்கும் நாணயத்துக்கும் என்ன அப்படி வித்தியாசம்? மலையில் நாணயம் விளையாது. அறுவடை முடிந்த கையோடு கிஸ்திக்கு ஆள் வந்து நின்றால், விலை அடிமட்டத்தில் இருக்கும்போதே நெல்லை விற்றாகவேண்டும். வாங்க வருபவன் கீழே இருந்து வருவான், தன் படியோடு வருவான். கேனாராமைப் பற்றிக் குறிச்சியன் கேள்விப்பட்டிருக்க மாட்டான். ஆனால் சந்தாலுக்கு நாற்பது வருஷம் கழித்து நடக்கப்போவது என்ன என்று அவனுக்குத் தெரிந்திருந்தது போலத்தான் தோன்றுகிறது. வரி நாணயமாக மாறுகிற அந்த இடத்திலேயே மறித்தான்.

வட்டத்தொப்பிக்காரர்களை வயநாட்டை விட்டு ஓட்டுவதென்று சபதம் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. ராமன் நம்பி தலைமை. சுல்தான் பத்தேரியிலும் மானந்தவாடியிலும் இருந்த காவற்படைகள் சூழப்பட்டன. மலபாரிலிருந்தும் மைசூரிலிருந்தும் துருப்புகள் வந்தன. மே முதல் வாரம் கடந்தபோது எல்லாம் அடங்கிவிட்டது. ராமன் நம்பி கொல்லப்பட்டார். ஒன்றரை மாதம்கூட முழுசாக இல்லை.

சிறியதுதான். ஆனால் எனக்கு இது 1855ஐ விடவும் தெளிவான பிரதியாகப் படுகிறது. இங்கே டாக்கூர் இல்லை, மகாஜன் இன்னும் வந்து சேரவில்லை. நிற்பவை இரண்டே அளவுகள், எதிரெதிரே.

கோதாவரி ஏஜென்சியின் ரம்பா நாட்டில் 1879 மார்ச்சில் நடந்ததை விரிவாகச் சொல்ல இடமில்லை. அங்கே அளக்கப்பட்டது நிலமே அல்ல, கள். மலைமக்கள் தாங்களே இறக்கிக் குடித்த கள்ளைக் குத்தகைப் பொருளாக்கி, கீழிருந்து வந்த குத்தகைதாரரிடம் ஒப்படைத்தார்கள். 1882 சென்னை வனச் சட்டம் வந்தபின் காடும் போச்சு. அல்லூரி சீதாராம ராஜு 1922 ஆகஸ்டில் சிந்தப்பள்ளி, கிருஷ்ணதேவிபேட்டை, ராஜவொம்மங்கி மூன்று போலீஸ் ஸ்டேஷன்களையும் அடுத்தடுத்த நாட்களில் தாக்கித் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டபோது, எடுத்ததற்குக் கணக்கு எழுதி ஸ்டேஷன் டயரியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சர்க்காரின் பதிவேட்டில் கலகக்காரனின் கையெழுத்து! அவர் மலைவாசியல்ல, படிப்பு வாசனை உள்ளவர். சித்துவின் தலையில் விழுந்த காகிதம் ஞாபகம் வருகிறது. டேவிட் ஆர்னால்ட் 1982இல், 'அடித்தள மக்கள் ஆய்வுகள்' முதல் தொகுதியில், 1839 முதல் 1924 வரை இந்த மலைகளில் நடந்தவற்றை ஒரே தொடர்ச்சியாக எழுதியிருக்கிறார். ராஜுவை மட்டும் தனியாகத் தூக்கிச் சிலை வைப்பவர்கள் அதைப் படிப்பது நல்லது.

6

இப்போது ஆசிரியரின் கேள்வி.

தென்னார்க்காட்டில் மலை இருந்தது. கல்வராயன். 1993இல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை அதன் கிழக்குப் பகுதிக்கு மாவட்டத் தலைநகர் கடலூர்தான். (பிறகு விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி.) மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடிகள் அங்கே இருக்கிறார்கள், கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்று பொருள். கெடில நதிக்கரையில் உட்கார்ந்து ரயத்துவாரிக் கணக்கு எழுதிய கலெக்டர்கள் இந்த மலைமேல் சங்கிலி போடவில்லை. ஜடயக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களிடம் விட்டுவிட்டார்கள். கிருஷ்ணதேவராயர் எங்களுக்குக் கொடுத்தது என்பது அவர்கள் சொல்லிக்கொண்ட கதை. மலைக்குடிகள் வரியும் உழைப்பும் கொடுத்தது இந்த ஜாகீர்தார்களுக்கு. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தாலும் இந்த ஜாகீர்கள் போகவில்லை. அரசு அவற்றைக் கையகப்படுத்தியது 1976இல். சுதந்திரம் வந்து 29 வருஷம் கழித்து!

ஆக, சர்க்காரின் அளவுகோல் இந்த மலையில் ஏறவேயில்லை. எதிர்த்து நிற்க வட்டத்தொப்பிக்காரன் கண்ணெதிரே இல்லை. இருந்தவன் சொந்த ஜாதிக்காரக் கவுண்டன். 'அதனால்தான் கலகம் இல்லை' என்று சொல்லி நானும் பேச்சை முடித்திருக்கலாம். முடிக்கவிடாமல் ஒரு சந்தேகம் உறுத்துகிறது. கலகம் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறோம்? ஆவணம் இல்லை என்பதை வைத்து. கலெக்டர் நேரடியாக வசூலிக்காத இடத்தில், ஒரு வருஷம் குடிகள் ஜாகீர்தாருக்கு எதுவும் கொடுக்காமல் நின்றிருந்தால் அதை யார் எழுதியிருப்பார்கள்? ராத்திரியோடு ராத்திரியாகப் பத்துக் குடும்பம் ஒரு ஜாகீரை விட்டு அடுத்த ஜாகீருக்குப் போயிருந்தால் அது எந்தக் கோப்பில் ஏறியிருக்கும்?

காத்லீன் கோ 1974இல் எழுதிய கட்டுரையில் இந்தியாவின் விவசாயக் கலகங்களை எண்ணிப் பார்த்து எழுபத்தேழு என்றார். அருமையான வேலை, விவசாயி அடங்கிக் கிடப்பவன் என்ற கட்டுக்கதையை உடைத்தது. ஆனால் அந்த எழுபத்தேழும் சர்க்கார் எண்ணிவைத்தவற்றிலிருந்து எண்ணியவை. குஹாவின் முறைக்கும் இதே கோளாறு உண்டு. அதிகாரியின் கடிதத்தைத் தலைகீழாக வாசித்துக் கலகக்காரனைக் கண்டுபிடிப்பது அவருடைய வித்தை. கடிதமே எழுதப்படாத மலையில் அந்த வித்தை பலிக்காது. பெண்கள் அவருடைய பிரதிகளில் எங்கே என்று காயத்ரி ஸ்பிவக் கேட்டதும் ஏறக்குறைய இந்த இடத்திலிருந்துதான்.

7

கலகமே நடக்காமலும் எதிர்க்கிளர்ச்சியின் உரைநடை எழுதப்படுவதுண்டு. கல்வராயனுக்கு வடமேற்கே, தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்தில், அதே மலையாளி மக்களின் ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைப் பதுக்கலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து நுழைந்தன. வீடுகள் நொறுக்கப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கோப்புகளில் அது வெறும் சோதனை; ஊர்க்காரர்கள் கடத்தல்காரர்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பானது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த 215இல் வனத்துறை 126, போலீஸ் 84, வருவாய்த்துறை 5. கடைசி எண்ணை மறுபடியும் பார்க்கச் சொல்வேன். முதல் அடுக்கு ஆவணத்தை இந்த முறை அந்தப் பெண்களின் சாட்சியம் உடைத்தது. அதற்கு 19 வருஷம் ஆனது.

இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் சொன்னபோது ஆசிரியர் கேட்டார்: 'அப்ப கல்வராயன்காரங்க கிட்ட இன்னிக்குக் காட்டறதுக்கு என்ன காகிதம் இருக்கு?' சரியான கேள்வி. 2006 வன உரிமைச் சட்டப்படி பழங்குடிகள் தாங்கள் உழுதுவரும் காட்டு நிலத்துக்கு உரிமை கோரலாம். முதலில் விசாரித்துத் தீர்மானிக்க வேண்டியது கிராம சபை; அதாவது அளவுகோல் முதல்முறையாகச் சட்டப்படியே ஊர் கைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2008இல் வந்த நீதிமன்ற உத்தரவால் உரிமைப் பத்திரம் தருவது நின்றுபோய், 2016இல்தான் அந்தத் தடை நீங்கியது. உரிமைக்கு அத்தாட்சியாக என்னென்ன காட்டலாம் என்று விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. சர்க்கார் ஆவணங்கள், ரசீதுகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. 1976 வரை சர்க்கார் அளக்காத மலையில் பழைய சர்க்கார் ரசீதுக்கு எங்கே போவது? பட்டியலில் இன்னொன்றும் உண்டு: உரிமை கோருபவரல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழி, எழுத்தில் எடுக்கப்பட்டது.

ஆசிரியர் பையிலிருந்து நோட்டை எடுத்து இதைக் குறித்துக்கொண்டார். அவருடைய வகுப்பில் வெள்ளிமலைப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் விடுதியில் தங்கிப் படிக்கிறார்களாம். ஜாகீர் காலத்தில் தாத்தா எதை எண்ணி, எந்தப் படியால் அளந்து கொடுத்தார் என்று கேட்டுவரச் சொல்லி, இந்தப் பொங்கல் லீவுக்கு ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுத்து அனுப்பப்போவதாகச் சொன்னார்.